பேசாத பிள்ளையும் வாசலில் படுத்திருக்கும் நாயும்



இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. வீட்டில் எத்தனை பேர், அடையாள அட்டை கைவசம் இருக்கிறதா, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்களா, மரக்கறிப் பாத்தி என்ன ஆனது, மாட்டை யாரிடம் விட்டீர்கள் என்றெல்லாம் கேட்போம். “உங்கள் வீட்டு நாய் எங்கே?” என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அது ஓர் அற்ப காரியமாகத் தோன்றுகிறது. ஆனால் ஓட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று இருக்கும் வீட்டில் அது அற்ப காரியம் அல்ல. அதைப் பற்றியே இம்முறை படிக்கப் போகிறோம்.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய லயம். அதில் ஆறு வயதுப் பையன் ஒருவன். இன்னும் பேச்சு வரவில்லை. அம்மா விடிந்ததும் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விடுவார். அப்பா இருப்பது பாட்டமாக எடுத்த துண்டு நிலத்தில், லீக்ஸ் பாத்தியோடு. பையன் ஆச்சியின் பொறுப்பில். அவன் ஒவ்வொரு காலையிலும் அதே படிக்கட்டில் உட்கார்ந்து, சோடாப் போத்தல் மூடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவான். பக்கத்தில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். அவன் அதைத் தடவுவதுகூட இல்லை. ஒரு காலை மட்டும் அதன் முதுகில் வைத்திருப்பான்.

ஐப்பசி மழையில் லயத்துக்கு மேலே மண் வெடிக்கிறது. இரவோடிரவாக எல்லோரும் பாடசாலை மண்டபத்துக்குப் போகிறார்கள். நாய் லயத்திலேயே நின்றுவிடுகிறது. மண்டபத்தில் இருபது குடும்பங்கள், குழந்தைகளின் அழுகை, விடிய விடிய எரியும் மின்குமிழ். பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான், தூங்க மறுக்கிறான், சோற்றைத் தள்ளிவிடுகிறான். “புள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்கு” என்கிறார் ஒருவர். “வளர்ப்பு சரியில்ல” என்கிறார் இன்னொருவர். அம்மா வாய் திறப்பதில்லை.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆயினும் இதைப் படிப்பவர்களில் சிலர் தம் வீட்டையோ அடுத்த காம்பராவையோ இதில் காணக்கூடும்.

அந்தப் பிள்ளைக்கு என்ன?

ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. அதைப் பேய் என்றோ, செய்வினை என்றோ, கிரகண தோஷம் என்றோ எண்ண வேண்டாம். அது மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. பிறவியிலேயே தொடங்கி, இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, இரண்டு வயதாகியும் “அம்மா வா”, “பால் தா” என்று இரு சொற்களைச் சேர்க்காமை, இருந்த சொற்களும் மறைந்துபோதல் ஆகியவை முக்கியமான அடையாளங்கள். இவற்றுடன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருத்தல், நுனிக்காலில் நடத்தல், சில சத்தங்களைத் தாங்க முடியாமை, வழக்கம் மாறினால் பெருந்துன்பம் அடைதல் என்பனவும் காணப்படலாம். எல்லாப் பிள்ளைகளிடமும் எல்லாமே இருக்கும் என்பதில்லை. நன்றாகப் பேசும் ஓட்டிசப் பிள்ளைகளும் உண்டு.

இது அரிதானதும் அல்ல. இலங்கையில் நகரத்தை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்துப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் சேர்ந்தோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. அதே அளவு மலையகத்துக்கும் பொருந்தும் என்று அப்படியே சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு தோட்டத்தில் அப்படி ஒரு பிள்ளையுமே இல்லை என்றால், அங்கே யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

தாய்மார் ஒன்றை முக்கியமாக அறிய வேண்டும். அமெரிக்காவில் லியோ கன்னர் என்னும் வைத்தியர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்நிலைக்குத் தனி அடையாளம் கொடுத்தார். அதன் பின்னர் பல ஆண்டுகள், தாய் அன்பு காட்டாததே காரணம் என்று படித்தவர்களே நம்பினார்கள். 1964இல் பேர்னார்ட் றிம்லண்ட் என்பவர் அது தவறு என்று நூல் எழுதிக் காட்டினார். அவருடைய மகனுக்கும் ஓட்டிசம் இருந்தது. ஆகவே நீங்கள் மலைக்கு வேலைக்குப் போனதாலோ, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டதாலோ, கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போட்டதாலோ இது வரவில்லை. ஊசியால் வருகிறது என்று 1998இல் இங்கிலாந்தில் வெளியான கட்டுரையை, அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நாய் எங்கே வந்தது?

நாயும் பிள்ளையும் சேர்ந்தால் ஏதோ நடக்கிறது என்பது தற்செயலாகத்தான் கவனிக்கப்பட்டது. நியூயோர்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர் ஜிங்கிள்ஸ் என்னும் நாயை வளர்த்து வந்தார். ஒருநாள் பேச்சுவார்த்தையின்றி ஒதுங்கியிருந்த பையன் ஒருவனை அவனுடைய தாய் குறித்த நேரத்துக்கு வெகு முன்பே அழைத்து வந்துவிட்டார். நாய் அறைக்குள்ளேயே இருந்தது. அது ஓடிப்போய் நக்க, பையன் பயப்படாமல் அதைக் கட்டிக்கொண்டான். பின்னர் நாயோடு விளையாட வேண்டும் என்றே திரும்பத் திரும்ப வந்தான். மெல்ல மெல்ல வைத்தியருக்கும் அந்த விளையாட்டில் இடம் கிடைத்தது. லெவின்சன் இதனை 1961இல் உளவியலாளர் மாநாட்டில் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். நாய்க்கும் கட்டணத்தில் பங்கு உண்டா என்று கேட்டார்களாம். 1969இல் அவர் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

நமது மொழி வழங்கும் ஊரிலும் இது நடந்திருக்கிறது. சென்னை ஆழ்வார்பேட்டையில் சி.பி. இராமசுவாமி ஐயர் அறநிலையம் நடத்தும் சரஸ்வதி கேந்திரம், கற்றலில் இடர்ப்படும் பிள்ளைகளுக்கான நிலையம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அங்கே நாய்களின் துணையோடு பயிற்சி கொடுத்தார்கள். அந்த அறநிலையத்தின் தலைவி நந்திதா கிருஷ்ணா. அவருடைய கணவர் சின்னி கிருஷ்ணா, 1959இல் தொடங்கிய இந்தியப் புளூ குரொஸ் என்னும் விலங்கு நல அமைப்பைச் சேர்ந்தவர். அவ்வமைப்பு ‘டொக்டர் டோக்’ என்ற பெயரில் சாந்தமான நாய்களைப் பிள்ளைகளிடம் அழைத்துச் செல்லும் திட்டத்தை நடத்தியது. இதே பெயருள்ள திட்டத்தை ஜில் றொபின்சன் என்ற பெண்மணி 1991இல் ஹொங்கொங்கில் ஆரம்பித்திருந்தார்.

ஏன் நாய்? ஒரு மனிதரின் முகம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. வாய் ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும், குரலில் மூன்றாவது ஒன்று இருக்கும். இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் பிரித்தறிவது ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பெருஞ்சுமை. நாயின் மொழி எளிது. வாலாட்டினால் வா, உறுமினால் போ. அது “ஏன்டா பேச மாட்டேங்கிற?” என்று கேட்பதில்லை. 2002இல் பிரான்சுவா மார்ட்டின், ஜெனிபர் பார்னம் ஆகியோர் 10 பிள்ளைகளுக்கு ஒரு பந்து, ஒரு பொம்மை நாய், ஒரு உயிருள்ள நாய் ஆகிய மூன்றையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். உயிருள்ள நாயோடு இருந்தபோதே பிள்ளைகள் கூடுதலாக விளையாடினார்கள், சுற்றியிருந்ததைக் கூடுதலாகக் கவனித்தார்கள்.

நாய் போனால் என்ன ஆகிறது?

இடம்பெயர்ந்தோராகிய நமக்கு மிக முக்கியமான ஆய்வு, கனடாவின் மொன்றியல் நகரிலிருந்து 2010இல் வெளிவந்தது. அங்கே 42 ஓட்டிசப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மிரா என்ற நிறுவனம் பயிற்றிய நாய்களைக் கொடுத்தார்கள். மனம் நெருக்கடிக்குள்ளாகும்போது நமது உடலில் கோட்டிசோல் என்னும் சுரப்பு கூடுகிறது. காலையில் கண்விழித்த சிறிது நேரத்திலும் அது இயல்பாகவே சற்று உயரும். பிள்ளைகளின் உமிழ்நீரை எடுத்து அந்த உயர்வை அளந்தார்கள். நாய் வருவதற்கு முன் உயர்வு 58 வீதம். நாய் வீட்டில் இருந்த வாரங்களில் 10 வீதம். பின்பு ஆய்வுக்காக நாயைச் சில நாட்கள் அகற்றினார்கள். உயர்வு மீண்டும் 48 வீதத்துக்குப் போய்விட்டது. நாய் இருந்த காலத்தில் பிள்ளைகளின் தொல்லை தரும் நடத்தைகளும் குறைந்தன என்று பெற்றோர் சொன்னார்கள்.

கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளின் வீடு மாறவில்லை. படுக்கை மாறவில்லை, சமையலறை மாறவில்லை, போனது நாய் மட்டுமே. அதற்கே உடல் அவ்வளவு பதறியது. நமது பிள்ளைக்கோ ஒரே இரவில் படிக்கட்டு போய்விட்டது. பீலியில் தண்ணீர் விழும் சத்தம் போய்விட்டது. தொழிற்சாலையிலிருந்து காற்றில் வரும் தேயிலை மணம் போய்விட்டது. வேலைக்கூப்பாட்டுச் சங்கும் இல்லை. பேசத் தெரிந்த பிள்ளைக்கு “மண் சரிஞ்சிருச்சு, அதனால இங்க வந்தோம்” என்று சொல்லலாம். பேச்சு எட்டாத பிள்ளைக்கு உலகம் காரணமின்றி அழிந்துவிட்டது போலத்தான் இருக்கும். அந்நேரத்தில் பழைய வீட்டிலிருந்து அதே மணத்தோடும் அதே சூட்டோடும் கூட வரக்கூடியது நாய் ஒன்றே. ஆகவே இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: ஓட்டிசப் பிள்ளைக்குப் பழகிய நாய் இருந்தால், அடையாள அட்டையும் மருந்தும் எடுப்பதுபோல அந்த நாயையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.

இது சொல்வதற்கு எளிது என்பதை அறிவேன். பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண் சரிந்தபோது, உடுத்த துணியோடு ஓடுவதற்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட வேளையில் மனித உயிர்தான் முதலில். நாய்க்காகத் திரும்பி ஓடி யாரும் உயிரை விட வேண்டாம். ஆனால் பல இடங்களில் வெடிப்பு முதலில் தெரிகிறது, எச்சரிக்கை வருகிறது, மூட்டை கட்ட ஓரிரு மணி நேரம் கிடைக்கிறது. அதற்கு முன்னரே கதவோரம் ஒரு நல்ல கயிறோ சங்கிலியோ தொங்கினால் போதும்.

முகாமில் நாயை விடமாட்டார்கள் என்பீர்கள். பல இடங்களில் அப்படித்தான். அதற்குக் காரணமும் உண்டு. ஒரே மண்டபத்தில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள். எனவே உள்ளே விடும்படி சண்டை பிடிக்க வேண்டாம். வெளியே, பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், தாழ்வாரத்தின் ஓரத்தில் கட்டுவதற்கு அதிபரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் அனுமதி கேளுங்கள். கேட்கும்போது நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டுங்கள். “இது விளையாட்டுக்கு இல்ல ஐயா, பேச்சு வராத புள்ளைக்கு” என்று விளக்கிச் சொல்லுங்கள். ஒரு குடும்பம் தனியாகக் கேட்பதைவிட மாதர் சங்கமோ இளைஞர் குழுவோ சேர்ந்து கேட்டால் பலன் கூடும்.

அனுமதி கிடைக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்தில் உறவினரிடம் விடலாம். அப்போதும் நாள் தவறாமல் ஒரே நேரத்தில் பிள்ளையை அங்கே கூட்டிப் போங்கள். நாய் படுத்த சாக்கையோ அதன் கழுத்துக் கயிற்றையோ பிள்ளையின் பாய்க்கு அருகில் வைக்கலாம். சாக்கை முதலில் தோய்த்து வெயிலில் உலர்த்த வேண்டும். தொலைபேசியில் நாயின் படம் இருந்தால் காட்டுங்கள். நாய் இறந்துவிட்டிருந்தால் “நாளைக்கு வரும்” என்று பொய் சொல்ல வேண்டாம். பேசாத பிள்ளைக்கும் காது கேட்கிறது, அது காத்திருக்கும்.

நாய் இல்லாத வீட்டில்

இதைப் படித்துவிட்டு உடனே ஒரு குட்டியை வாங்கி வர வேண்டாம். முகாமிலோ, வாடகைக் காம்பராவிலோ, நாளை எங்கே போவோம் என்று தெரியாத நிலையிலோ புதிய நாய் வேண்டவே வேண்டாம். ஓரிடத்தில் அமர்ந்த பின்பு யோசிக்கலாம்.

குட்டியைவிட இரண்டு மூன்று வயதான சாந்தமான நாட்டு நாய் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். குட்டி பல் முளைக்கும்போது கடிக்கும், பாயும், கீச்சிடும். அந்தக் கீச்சுச் சத்தமே சில பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்துவிடும். பணம் கொடுத்து வாங்கும் சாதி நாய்க்குத் தீனிச் செலவும் அதிகம், நோயும் அதிகம். லயத்தில் ஏற்கெனவே பிள்ளையிடம் வந்து நிற்கும் நாய் ஒன்று இருந்தால் அதுவே போதும். அது பிள்ளையைத் தெரிந்தெடுத்துவிட்டது, பாதி வேலை முடிந்தது.

பிரான்சில் மரின் கிரான்ஜார்ஜ் என்பவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே சிந்திக்கத் தக்கது. ஐந்து வயதுக்குப் பின் வீட்டுக்குப் பிராணி வந்த ஓட்டிசப் பிள்ளைகளிடம், தன்னிடம் உள்ளதைப் பகிர்வதிலும் பிறரைத் தேற்றுவதிலும் முன்னேற்றம் காணப்பட்டது. பிறந்த நாள் முதல் பிராணி இருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. ஒப்பிட்ட பிள்ளைகள் சிலரே என்பதால் இதைப் பெரிதாக நீட்டக்கூடாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: நாய் வாசலில் கிடந்தால் மட்டும் போதாது, பெரியவர்கள் அதைப் பிள்ளையின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. அந்தியில் ஒரே நேரத்தில், ஒரே கோப்பையில், பிள்ளையின் கையாலேயே நாய்க்குச் சோறு வைக்கச் செய்யுங்கள். வைக்கும் முன் ஆச்சி “வா” என்று ஒரு சொல் மட்டும் சொல்லட்டும். சில கிழமைகள் கழித்து அந்தச் சொல்லைச் சொல்லாமல் சற்று நிறுத்திப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பிள்ளை கையசைத்தாலும் சரி, ஒரு சத்தம் எழுப்பினாலும் சரி, உடனே சோற்றை வைக்க விடுங்கள். காது, வால், கால் என்று தொட்டுக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும், பிள்ளை முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இன்னொரு நன்மை தானாக வரும். தனியாக உட்கார்ந்திருக்கும் பேசாத பிள்ளையிடம் மற்றப் பிள்ளைகள் வருவதில்லை, நாய் வைத்திருக்கும் பிள்ளையிடம் வருவார்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் நாய் பிடிக்கும் என்பதில்லை. சிலருக்குக் குரைப்பு காதில் ஊசியாய் இறங்கும், சிலர் நாயைக் கண்டாலே நடுங்குவர். அவர்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது. வெளிநாடுகளில் பிள்ளையின் இடுப்பையும் பயிற்றிய நாயின் சேணத்தையும் இணைத்து, பிள்ளை வழிதவறாமல் காப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு நமது நாயோடு பிள்ளையைக் கட்டிவிட வேண்டாம். கீரிப்பிள்ளையைக் கண்டால் நமது நாய் பிள்ளையையும் சரிவில் இழுத்துக்கொண்டு போகும். நாயைக் காவலுக்கு வைத்துவிட்டுப் பெரியவர்கள் வேலைக்குப் போவதும் கூடாது.

கடியும் விசரும்

இதை இருமுறை வாசியுங்கள். 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதால்தான் அத்தொகை பெருமளவு குறைந்தது. ஆனாலும் இன்றும் ஆண்டுதோறும் மரணங்கள் நிகழ்கின்றன. நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை என்று சொல்லலாம். நாய்க்குக் குட்டிப் பருவத்திலேயே தொடங்கி ஆண்டுதோறும் ஊசி போடுங்கள். இதை இலவசமாகப் போடுகிறார்கள். எப்போது, எங்கே என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

மற்றப் பிள்ளை கடிபட்டால் அழுதுகொண்டு வந்து சொல்லும். பேசாத பிள்ளை சொல்லாது. சில ஓட்டிசப் பிள்ளைகள் வலியைக்கூட வெளிக்காட்டுவதில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டும்போது கை, கால், முதுகு, தலை எங்கும் பல் தடமோ நகக்கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். மஞ்சளும் கோப்பித் தூளும் அப்பிவிட்டு இருந்துவிட வேண்டாம். சொந்த நாய், ஊசி போட்ட நாய் என்றாலும் வைத்தியரிடம் காட்டி அவர் தீர்மானிக்கட்டும்.

நாய் தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டி போட்டிருக்கும்போதும் பிள்ளையை அண்ட விடாதீர்கள். காதைப் பின்னால் மடித்து உடம்பை விறைத்து நின்றால், அது பொறுமை இழக்கிறது என்று அர்த்தம். புழு மருந்து பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். நாயைத் தொட்ட கையைக் கழுவாமல் சோறு வேண்டாம். மருந்து அடித்த மரக்கறிப் பாத்திக்குள் இருவரையும் விடாதீர்கள். இரவில் நாயை உள்ளே எடுங்கள். நமது மலைகளில் சிறுத்தை லய வாசலுக்கே வந்து நாயைத் தூக்குவது உங்களுக்குத் தெரிந்ததே. அதைத் தடுக்கச் சுருக்குக் கம்பி வைப்பது சட்டவிரோதம். விடியும்போது நாய் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு இடப்பெயர்வு.

நாயால் முடியாதவை

நாய் ஓட்டிசத்தைக் குணமாக்காது. அது ஒரு நோயாக வந்து போவதுமல்ல. மருந்து ஒன்றே கொடுத்து மாற்றிவிடுவேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் எவ்வளவு சிறு வயதில் தொடங்குகின்றனவோ அவ்வளவு நல்லது. பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார். அங்கிருந்து பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ போக வேண்டி வரலாம். ஒரு நாள் சம்பளம் போகும், பஸ்ஸில் பிள்ளை அலறும், பார்ப்பவர் முறைப்பார்கள். “வளர்ந்தா சரியாயிரும்” என்று யாராவது திருப்பி அனுப்பினாலும் மறுபடியும் போங்கள். பதிவேடு மண்ணோடு போயிருந்தால் புதியது கேட்டு வாங்கலாம்.

குழுவாகப் பேசிப் பார்க்க

உங்கள் முகாமில் அல்லது குடியிருப்பில் ஐந்து வயதாகியும் பேசாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுடைய தாய்மாரிடம் கடைசியாக யார் போய்ப் பேசினீர்கள்? விட்டுவிட்டு வந்த நாய்கள் இப்போது எங்கே நிற்கின்றன, அவற்றுக்கு யார் சோறு வைக்கிறார்கள்? மண்டபத்தில் சத்தமும் வெளிச்சமும் குறைந்த ஒரு மூலையைத் துணி கட்டி ஒதுக்க முடியுமா? அடுத்த நாய்த் தடுப்பூசி நாள் எது, அன்று நாய்களைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறவர்கள் யார்?